கண்ணாடி அளவும் தரை அளவும்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த மின்சார டிப்போவில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அங்கிள், உங்க பழைய நோட்டுப் புத்தகம் ஏதாவது இருந்தா கொடுங்க. ஹாலில் மாட்டி வைக்கிறோம்" என்றார். எதற்கு என்று கேட்டேன். இப்போதெல்லாம் பழுது எந்த டவரில் என்று திரையில் சிவப்புப் புள்ளி காட்டிவிடுகிறதாம். நாங்கள் எப்படியெல்லாம் கஷ்டப்பட்டோம் என்று புதியவர்கள் பார்க்கட்டுமாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எந்த டவரில் எத்தனை மீட்டர் கேபிள் சுருட்டி வைத்திருக்கிறது என்று அந்தத் திரைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் என் பதினேழு நோட்டுகளில் பதினான்கை வாங்கிக்கொண்டு போய் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். திரும்பி வந்தவை ஒன்பது. அவற்றிலும் இரண்டில் யாரோ டீ டம்ளரை வைத்திருக்கிறார்கள்.

நோட்டைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதில் ஒரு பக்கத்தின் கதையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மின்கம்பி போகும் பெரிய டவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உச்சியில் ஒரு மெல்லிய கம்பி தனியாக ஓடும். அது இடியைத் தாங்கும் எர்த் கம்பி. எங்கள் லைனில் அந்தக் கம்பியின் வயிற்றுக்குள் ஒரு குழாய், குழாய்க்குள் இருபத்து நான்கு கண்ணாடி இழைகள். ஒவ்வொன்றும் தலைமயிர் பருமன். லைனின் இரு முனைகளில் உள்ள பாதுகாப்புக் கருவிகள் அந்த இழைகளில் ஓடும் ஒளி வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசும். தொலைபேசிச் சுற்றுகளும் அதிலேயே போகும்.

நான் வேலையில் சேர்ந்தது பத்தொன்பது வயதில், கம்பமேறியாக. பிறகு கேபிள் இணைப்பு, பிறகு வெளிநாட்டில் ஆறு வாரப் பயிற்சி, பிறகு இந்தக் கண்ணாடி. நான் வேலையில் இருந்த காலத்தில் இந்த ஃபிஜி நாட்டில் நான்கு ஆட்சிக் கவிழ்ப்புகள். எண்பத்தேழில் இரண்டு, இரண்டாயிரத்தில் ஒன்று, இரண்டாயிரத்து ஆறில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு டிப்போவில் பெட்டி கட்டுகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். கண்ணாடி வேலைக்குப் பயிற்சி பெற்ற பதினோரு பேரில் ஏழு பேர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏன் என்று பின்னால் தெரியும்.

போனவர்களில் ஒருவர் எங்கள் ஃபோர்மேன் முனுசாமி அண்ணன். லம்பாசா பக்கம் புலிலேகாவில் கரும்புக் குடும்பத்தில் பிறந்தவர். டிப்போவில் எல்லோரும் ஃபிஜி இந்திதான் பேசுவோம். என்னிடம் மட்டும் அவர் தமிழில் பேசுவார், அவருடைய அப்பா பேசிய பழைய மதராஸ் தமிழில். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இழை இணைப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார், மோதிரத்தைக் கழற்றுவார், இரண்டையும் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டுவார். சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவுவார். நாங்களும் கழுவ வேண்டும். இணைப்பு வேலை நடக்கும் வேனின் தரையில் ஈரச் சாக்கை விரித்துத் தூசியை அடக்குவார். ஜன்னல்களை மூடுவார். அதன் பிறகுதான் இணைப்புப் பெட்டியைத் திறப்பார்.

இழையின் முனையை வெட்டும்போது ஒரு துணுக்கு விழும். கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. தோலில் ஏறினால் சீழ் பிடிக்கும். ஆகையால் ஒவ்வொரு துணுக்கையும் கறுப்பு டேப்பில் ஒட்டி வைக்க வேண்டும். இந்தப் பக்கம் இருபத்து நான்கு, அந்தப் பக்கம் இருபத்து நான்கு. வேலை முடிந்ததும் எண்ணுவார். ஒரு முறை நாற்பத்தேழுதான் இருந்தது.

"எத்தினிடா சாமி?"

"நாப்பத்தேழு, அண்ணே."

"ஒண்ணு எங்க பூடுச்சு? அது கெடைக்கிற வரிக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது."

ஐம்பது நிமிடம் தேடினோம். கடைசியில் என் கட்டைவிரலிலேயே இருந்தது. டேப்பை வைத்து அழுத்தி எடுத்தார். "நீதான்டா திருடன்" என்றார். வேனில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஈரச் சாக்கு போட்டும் தூசி கிளம்பியது. எண்ணுவது எனக்குப் பிறவிக் குணம். ஆனால் எண்ணியதை எழுதி வைக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

அவர் இன்னொரு விஷயமும் சொல்லிக் கொடுத்தார். நான் சொல்ல வந்ததற்கு ஆதாரம் அதுதான். இழை அறுந்தால், துணை மின்நிலையத்திலிருந்து ஒரு கருவியால் ஒளித் துடிப்பை அனுப்புவோம். அறுந்த இடத்தில் பட்டு ஒளி திரும்பும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கருவி தூரம் சொல்லும். ஆனால் அது கண்ணாடியின் தூரம், தரையின் தூரம் அல்ல. ஒவ்வொரு பன்னிரண்டாவது டவரிலும் ஓர் இணைப்புப் பெட்டி. அங்கே கேபிள் உச்சியிலிருந்து டவர் காலோடு கீழே இறங்கும், பெட்டியைத் தரைக்குக் கொண்டுவர வேண்டுமே என்று கொஞ்சம் சுருட்டி வைத்திருக்கும், மறுபடி மேலே ஏறும். கம்பி தொய்ந்து தொங்கும். போதாதற்கு, குழாய்க்குள் இழை கம்பியைவிடச் சற்றே நீளமாகப் போடப்பட்டிருக்கும். இத்தனையையும் கழித்தால்தான் எந்த டவர் என்று தெரியும்.

"மிசினு பொய் சொல்லாது. ஆனா நீ கேக்காததை அது சொல்லாது" என்பார் முனுசாமி அண்ணன். இரண்டாயிரத்துக் கவிழ்ப்பில் கடைகள் எரிந்தபோது சுவாவில் அவருடைய தம்பி கடையும் போயிற்று. அண்ணன் குடும்பம் நான்கு பேர், ஆறு பெட்டி, பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்கள்.

அவர் போன பிறகு எங்களுக்கு மேலே வந்தவர் பெயரை எழுதப் போவதில்லை. அவரும் தமிழர்தான், சுவா நகரத்துக்காரர், பட்டம் பெற்றவர். எங்கள் டிப்போவுக்கு மேனேஜர். அவர் டவர் ஏறி நான் பார்த்ததில்லை.

என் கூட்டாளி தொமாசி. வட்டுகோலா பக்கம் மலையில் உள்ள ஒரு கிராமத்தவன், ஃபிஜிக்காரன். ஒன்பது வருஷம் நாங்கள் இருவரும் ஒரே வேனில் போனோம். என்னைத் 'தவலே' என்றுதான் கூப்பிடுவான். தவலே என்றால் மச்சான். ஆகவே கேலிக்கு வரம்பு கிடையாது. "தவலே, கல்யாணத்தன்னைக்கும் உன் பொண்டாட்டி பல்லை எண்ணிப் பார்த்துத்தான் தாலி கட்டினியா?" என்று கேட்பான். "முப்பத்திரண்டு இருந்துச்சு, அதான் கட்டினேன்" என்பேன்.

நான்காவது கவிழ்ப்புக்குப் பிறகு சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு புதன்கிழமை காலை இருபத்து நான்கு இழைகளும் ஒரே சமயத்தில் செத்தன. அரசாங்க அலுவலகங்கள் சிலவற்றின் தொலைபேசிகள் நின்றன. மேனேஜருக்கு மணிக்கு ஒரு தடவை மேலிடத்திலிருந்து கேள்வி. அவர் பயந்து போயிருந்தார். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் செய்தது இன்றைக்கும் புரியவில்லை.

கருவி காட்டிய தூரம் பதினெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபது மீட்டர். மேனேஜர் வரைபடத்தை விரித்தார், ஸ்கேலை வைத்தார், அறுபத்திரண்டாவது டவர் என்றார். அந்த டவர் நிற்பது தொமாசியின் கிராமத்து மரவள்ளித் தோட்டத்து ஓரத்தில். திங்களும் செவ்வாயும் தொமாசி விடுப்பில் ஊரில் இருந்தான். கையில் கத்தியோடு டவருக்கு அடியில் அவனைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். மரவள்ளி பிடுங்குகிறவன் கையில் வேறு என்ன இருக்கும்? அதற்கு முந்தின வாரம் டீ நேரத்தில், ரேடியோவில் புதிய அரசாங்கத்தின் பேச்சைக் கேட்டு அவன் சிரித்தானாம். நானும்தான் சிரித்தேன். டீ அறையில் ஆறு பேர் இருந்தோம், ஆறு பேரும் சிரித்தோம்.

மேனேஜர் அறிக்கையில் 'நாசவேலை' என்று எழுதினார். ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் வோல்ட் ஓடும் டவரில் மரவள்ளிக் கத்தியோடு உச்சிக்கு ஏறி, எஃகுக் கம்பியை வெட்டிவிட்டு, உயிரோடு இறங்கி வந்து கிழங்கை வேகவைத்துத் தின்றான் என்று ஒரு பட்டதாரி எழுதுகிறார்! தொமாசியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். அரசாங்கத் தொலைபேசிகளை வேறு வழியாகத் திருப்பிவிட்டு, மேலிடத்தார் வந்து பார்க்கும்வரை அந்த டவர்ப் பக்கம் யாரும் போகக் கூடாது என்றார். அறிக்கை திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போகும், அதற்குமேல் அவர் கையில் இல்லை என்றார். அந்த நாட்களில் அப்படி ஒரு சொல் உள்ள காகிதத்தில் பெயர் ஏறினால், ராணுவ முகாமுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போகிறவர்கள் வேலையைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார்கள். தொமாசிக்கு மூன்று பிள்ளைகள்.

வியாழக்கிழமை மதியம் நான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நிலையத்துக்குள் ஓடும் கேபிள் நூற்றிருபது மீட்டர், கழித்தேன். வழியில் நான்கு இணைப்பு டவர்கள், ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறிச் சுருண்டது எண்பது, ஆக முந்நூற்றிருபது, கழித்தேன். குழாய்க்குள் இழையின் அதிகப்படி நீளம் தொண்ணூறு, தொய்வு இருபது. மிச்சம் பதினெட்டாயிரத்து இருபது. அறுபதாவது டவர் பதினெட்டாயிரத்தில் நிற்கிறது. அதுவும் ஓர் இணைப்பு டவர். அதாவது, அறுபதாவது டவரின் உச்சியிலிருந்து இருபது மீட்டர் கீழே, பெட்டிக்குச் சற்று மேலே, இறங்கும் கேபிளில் அறுந்திருக்கிறது. அறுபதாவது டவர் ஓடைக்கு அந்தப் பக்கம், குன்றின்மேல். தொமாசியின் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதே நோட்டில் அந்த டவருக்கு நேரே என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'கிளாம்பு 14 வேண்டும், 9 இருக்கிறது. மேனேஜரிடம் சொன்னேன். பிறகு பார்க்கலாம் என்றார்.' கேபிளை டவர் காலோடு பிடித்து வைப்பவை அந்தக் கிளாம்புகள். பிடிப்பில்லாத கேபிள் காற்றில் ஆடி எஃகு விளிம்பில் உரசும். இரண்டு புயல்காலம் உரசியிருக்கிறது.

கணக்கு முடிந்தபோது மணி மூன்று நாற்பது. மேனேஜர் தன் அறையில்தான் இருந்தார். எனக்கும் அவர் அறைக்கும் இடையில் இருபத்தோரு அடி.

நான் போகவில்லை.

நியூசிலாந்துக்குக் குடிபெயர விண்ணப்பித்திருந்தேன். மனைவி, நான், இரண்டு பெண்கள். எல்லாக் காகிதமும் தயார், ஒன்றைத் தவிர. வேலைக் காலத்தையும் நடத்தையையும் சொல்லும் நிர்வாகியின் கடிதம். தட்டச்சு ஆகி அவர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை போடுகிறேன் என்றிருந்தார். ஒருநாள்தானே, அறிக்கை திங்கட்கிழமைதானே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு தொமாசியின் ஊரிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். முன்னால் அவனுடைய பெரியப்பா, எழுபது வயதுக்கு மேல். கையில் தம்புவா. திமிங்கிலப் பல், பழுத்த மஞ்சள் நிறம், பின்னிய கயிறு கட்டியது. ஃபிஜிக்காரர்களிடம் அதற்கு மேல் ஒரு பொருள் கிடையாது. டிப்போ ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெரியவர் பல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மெதுவாகப் பேசினார். சோரோ என்று அதற்குப் பெயர். பணிந்து போவது. தங்கள் பிள்ளையால் அலுவலகத்துக்கு வருத்தம் நேர்ந்திருந்தால் பொறுக்க வேண்டும், அவனை வெளியாரிடம் ஒப்படைக்க வேண்டாம் என்றார். அவன் செய்தான் என்று அவர் சொல்லவே இல்லை. வருத்தம் முற்றிவிடாமல் தடுக்க மூத்தவர்கள் முன்வந்து தலைகுனிவது அவர்கள் வழக்கம். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எந்த மனிதனுக்கும் இது தெரியும்.

தொமாசி கடைசியில் உட்கார்ந்திருந்தான். அவன் தலையைக் குனியவில்லை. பெரியப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றேன். நோட்டு என் கால்சட்டைப் பையில் இருந்தது.

மேனேஜர் பல்லை வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் உள்ளே போய் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: 'கிராமத்தார் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.' பல்லை அலமாரியில் விளையாட்டுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பன்னிரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நன்றி சார் என்றேன்.

அன்று இரவு அந்தக் கணக்கை இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை விடிந்ததும் மேனேஜர் வீட்டுக்குப் போனேன். நோட்டை விரித்துக் கழித்தலைக் காட்டினேன். "இன்னைக்கு லீவு நாள்" என்றார். "டவருக்கு லீவு இல்லை" என்றேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். வண்டியை எடுத்தார்.

அறுபதாவது டவருக்குக் கீழே நின்று தொலைநோக்கியை அவர் கையில் கொடுத்தேன். ஏறக்கூட வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்கு மேலே கேபிள் இரண்டாகப் பிரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெட்டிய முனை அல்ல, தேய்ந்து பளபளத்த முனை.

"கிளாம்பை எண்ணுங்க" என்றேன்.

வெகுநேரம் பார்த்தார். "ஒம்பது" என்றார்.

"எப்ப சொன்னேன் உங்ககிட்ட?"

தொலைநோக்கியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். வண்டியில் திரும்பும்போது பாதி வழியில் கேட்டார். "இதை எப்பக் கண்டுபிடிச்சே?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமையே தெரியும். வெள்ளிக்கிழமை அவங்க பாயில உக்காந்தப்போ நீ வாசல்ல நின்னுக்கிட்டிருந்தே. எங்கிட்ட லெட்டர் வாங்கினே. சனிக்கிழமை நியாயம் பேச வர்றே. அந்த லெட்டர்ல உன்னை நம்பகமானவன்னு எழுதியிருக்கேன் நான்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் அதைச் சொல்ல இவருக்கு என்ன யோக்கியதை? ஐந்து கிளாம்பைப் பூட்டச் சொல்ல நேரமில்லாதவர், ஒரு கழித்தல் போடத் தெரியாதவர், கிழவரின் பணிவை வாக்குமூலமாக எழுதிக்கொண்டவர்!

டிப்போவுக்கு வந்து அறிக்கையை எடுத்தார். நாசவேலை என்பதை அடித்துப் 'புயல் சேதம்' என்று மாற்றினார். கிளாம்பு என்ற சொல்லே வரவில்லை. ஒப்புக்கொண்டார்கள் என்ற வரியையும் அடித்தார். தொமாசி திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார்.

"அந்தப் பல்லு?" என்றேன்.

"அவங்க கொடுத்தாங்க. நான் வாங்கிக்கிட்டேன். முடிஞ்சு போச்சு."

"செய்யாத குத்தத்துக்குக் கொடுத்தது. நீங்க திருப்பணும்."

"அப்ப நீயும் லெட்டரைத் திருப்பு."

எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன். மனைவி ஏற்கெனவே தையல் மெஷினை விற்றிருந்தாள். பிறகு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் அதை நான்காகக் கிழித்தார். அலமாரியைத் திறந்து பல்லை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் அந்த வருஷம் போகவில்லை. பிறகு பெண்கள் மட்டும் கல்யாணமாகிப் போனார்கள்.

"கொடுக்கிறது நீங்கதான் வந்து கொடுக்கணும். வாங்கினது நீங்க" என்றேன். "சரி, நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன். சொல்லி வை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருந்த நாடி நகரத்திலிருந்து பஸ் பிடித்து, தவுவாவில் மாறி, இரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பல்லைப் புதுத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். சடங்குகளில் இடித்துக் கரைத்துக் குடிக்கும் நங்கோனா வேரும் அரைக் கிலோ வாங்கியிருந்தேன். முந்தின நாளே செய்தி சொல்லியிருந்ததால் பெரியவரின் வீட்டில் பாய் விரித்திருந்தது. ஊர்க்காரர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள், பதினாறு பேர். நடுவில், பெரியவருக்கு எதிரே, மேனேஜருக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் கதவருகில் உட்கார்ந்தேன்.

தொமாசி வேரை இடித்துக் கரைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான், அவ்வளவுதான்.

மூன்று ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். வட்டுகோலா பஸ் ஒன்று, கரும்பு லாரி இரண்டு.

நாலே காலுக்கு எனக்குப் பொறுக்கவில்லை. "வர மாட்டார். அந்த மனுஷனுக்கு வெட்கம் கிடையாது. ஐந்து கிளாம்பு, தொமாசி, ஐந்தே ஐந்து..." என்று ஆரம்பித்தேன். மேனேஜர் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். வரைபடம், ஸ்கேல், கத்தி, வாக்குமூலம், ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொமாசி கரைப்பதை நிறுத்தினான்.

"நீ எப்பக் கணக்குப் போட்டே?" என்றான். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

மடியில் இருந்த துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு அவனிடம் ஏதோ மெல்லச் சொன்னார். தொமாசி எனக்குச் சொன்னான்.

"பெரியப்பா சொல்றாரு, அந்த இடம் காலியாத்தான் இருக்காம். நீ ஏன் கதவுகிட்ட உக்காந்திருக்கேன்னு கேக்குறாரு."

எழுந்தேன். பதினாறு பேருக்கு முன்னால் குனிந்து நடந்து போய், மேனேஜருக்கு விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தேன். துண்டை அவிழ்த்துப் பல்லை எடுத்தேன். ஒரு கையால் நீட்டப் போனேன். "ரெண்டு கை" என்றான் தொமாசி. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தலையைத் தாழ்த்தினேன். என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"வியாழக்கிழமை, மூணு நாப்பது."